ஏரி கோடி போனால் எங்கள் ஊர் ஏன் பயப்பட வேண்டும்?

“ஏரி கோடி போவுது, எழுந்திருங்க!”

2024 டிசம்பர் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு. மின்சாரம் போய் வெகுநேரமாகியிருந்தது. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் தெருவில் யாரோ கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போனார்கள். கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தேன், தரையில் தண்ணீர். கழற்றிப் போட்டிருந்த செருப்பு மிதந்து வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த ஒரு மணி நேரம் எல்லா வீட்டிலும் ஒரே வேலைதான். கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்தோம். அரிசி டிரம்மைக் கட்டில்மேல் ஏற்றினோம். எதிர்வீட்டு அம்மா பட்டா, ரேஷன் அட்டை, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ் எல்லாவற்றையும் பாலிதீன் பையில் சுற்றி, முந்தானையோடு சேர்த்து இடுப்பில் முடிந்துகொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். பெரிய சாலையில் லாரி ஏதாவது போனால் போதும், அலை எழும்பி வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து அடித்தது. அவர் யாரையும் பார்க்காமல் கேட்டார்: “இந்தத் தண்ணி எங்கதான் போவணும்?”

எங்களில் பட்டம் படித்தவர்கள் இருந்தோம். அரசு வேலையில் இருப்பவர்கள் இருந்தார்கள். அதே தெருவில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவர்களும் இருந்தார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எங்கே போக வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் டார்ச்சை அடித்துக் காட்டினார்: “அந்த ஊட்டுக்கும் இந்த ஊட்டுக்கும் நடுவுல ஓடை இருந்துச்சு.” வெளிச்சம் ஒரு காம்பவுண்டுச் சுவரில் போய் முட்டி நின்றது.

இந்தக் கட்டுரை அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் தேடும் முயற்சி. வெள்ளம் வடிந்ததும் அந்தக் கேள்வியும் வடிந்துபோவதுதான் நம்முடைய வழக்கம். இந்தப் பருவமழைக்கு முன்பாவது அதற்கு விடை கண்டாக வேண்டும்.

ஒரே இரவில் இரண்டு வெள்ளம்

அன்று பெய்தது சாதாரண மழை அல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடந்த பிறகும் நகராமல் அங்கேயே மணிக்கணக்கில் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. புயல் வலுவிழந்து மேற்கே நகர நகர, மழையும் கூடவே வந்தது. ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. அந்த வறண்ட பகுதி ஓர் ஆண்டில் காணும் மழையில் பாதிக்கு மேல், ஒரே நாளில். சாலையோரம் நின்ற வேன்களும் கார்களும் பொம்மைகளைப் போல ஏரிக்குள் உருண்டு போனதைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

எங்கள் மலையும் அன்று தாங்கவில்லை. டிசம்பர் முதல் தேதி மாலை அண்ணாமலையின் சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் விழுந்தன. உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அடுத்த பன்னிரண்டாம் நாள் கார்த்திகை தீபம். மண் சரிவைக் காரணம் காட்டி அந்த ஆண்டு பக்தர்களை மலையேற விடவில்லை. உச்சியில் தீபம் எரிந்தபோது அந்த ஐந்து குழந்தைகளை நினைக்காமல் கைகூப்பியவர் இந்த ஊரில் இருந்திருக்க முடியாது.

அதே இரவில் மலைக்குத் தெற்கே இன்னொரு வெள்ளம் புறப்பட்டது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. இந்த எண்ணை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு மணி நேரத்துக்கு 60 கோடி கனஅடி. சாத்தனூர் அணையின் மொத்தக் கொள்ளளவே ஏறத்தாழ 732 கோடி கனஅடிதான். காலி அணையாக இருந்தாலும் பன்னிரண்டு மணி நேரத்தில் நிரம்பி வழிந்திருக்கும். தண்டராம்பட்டு அருகே அகரம் பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைக்க சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி, திறந்து மூன்றே மாதமான உயர்மட்டப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அரசூர் அருகே சென்னை – திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் ஆறு ஏறியது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்கள் தண்ணீரில் நின்றன.

இந்த இரண்டு வெள்ளத்தையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதில்தான் எங்கள் ஊரின் நியாயம் தொலைந்துபோகிறது. தென்பெண்ணையில் வந்தது அசாதாரண வெள்ளம். வேங்கிக்கால் தெருக்களில் நின்றது அப்படியல்ல. புயலே இல்லாத அடைமழைக் காலத்திலும் ஏரி நிரம்பினால் இங்கே தாழ்வான தெருக்களில் தண்ணீர் புகுகிறது. தென்பெண்ணை ஒருநாளும் எங்கள் வாசலுக்கு வந்ததில்லை. எங்கள் வாசலுக்கு வந்தது, ஆற்றுக்குப் போயிருக்க வேண்டிய, வழி கிடைக்காமல் நின்றுவிட்ட எங்கள் மழைத் தண்ணீர்.

கோடி என்றால் கொண்டாட்டம்

வட ஆற்காட்டுப் பக்கம் ஏரி நிரம்பி உபரி நீர் வழிவதை ‘கோடி போவது’ என்போம். கரையின் கடைசியில், கல் கட்டிய தாழ்வான இடம் கோடி. மற்ற மாவட்டங்களில் கலங்கல், கலிங்கு என்கிறார்கள். சிறுவயதில் ஏரி கோடி போனால் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் இருக்க மாட்டோம். கெண்டையும் கெளுத்தியும் எதிரேறும். வேட்டியை விரித்தே மீன் பிடிப்பார்கள். பெண்கள் கோடிக் கல்லுக்கு மஞ்சள் பூசி, சூடம் ஏற்றி, பூவைத் தண்ணீரில் விடுவார்கள். சில ஊர்களில் கிடா வெட்டிப் பொங்கல் வைப்பார்கள். ஏரி கோடி போனால் இரண்டு போகத்துக்குக் கவலை இல்லை என்று பொருள். அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் இன்று கட்டிலுக்குச் செங்கல் தேடுகிறோம். ஒரு தலைமுறைக்குள் ஒரு சொல்லின் முகம் இப்படி மாறியிருக்கிறது.

எங்கள் ஊர்ப்பெயர்களைக் கொஞ்சம் நின்று கவனித்தால் போதும். ‘கால்’ என்றால் வாய்க்கால். அந்தக் கால்தான் வேங்கிக்காலின் பின்பாதியில் இருப்பதாக நான் வாசிக்கிறேன். பக்கத்திலேயே சேரியந்தல். மலையைச் சுற்றி அத்தியந்தல், தேவனந்தல், துர்க்கைநம்மியந்தல், இனாம்காரியந்தல். ஏந்தல் என்ற சொல்லுக்கு, நீரை ஏந்தி நிற்கும் இடம், சிறு ஏரி என்று பொருள். அதுவே பேச்சில் ‘அந்தல்’ ஆகியிருக்க வேண்டும். நகருக்குள்ளேயே ஓர் ஏரிக்குச் சமுத்திரம் என்று பெயர். அண்ணாமலை 2,668 அடி உயரம். அதைச் சுற்றி வரும் பாதை 14 கிலோமீட்டர். இவ்வளவு பெரிய பாறையின் எல்லாச் சரிவுகளிலும் விழும் மழையை, சுற்றிலும் ஏந்தல்களை வெட்டிப் பிடித்து, ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு என்று கால்களால் கோத்து, மிஞ்சியதைத் துரிஞ்சலாற்றில் சேர்த்து, துரிஞ்சலாறு வழியே தென்பெண்ணைக்கு அனுப்பியிருக்கிறார்கள் நம் முன்னோர்கள். வெள்ளத் தடுப்பு என்று தனியாக ஓர் ஏற்பாடு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பாசனத்துக்காக வெட்டிய ஏரிச் சங்கிலியே அதையும் செய்தது.

இந்தச் சங்கிலி தானாக இயங்கியதில்லை. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்ற குழுவைப் பற்றிப் பேசுகின்றன. ஊர்ச் சபை தேர்ந்தெடுத்த குழு அது. ஏரியைப் பார்த்துக்கொள்வதே அதன் வேலை. எங்கள் தாத்தா காலம்வரை கோடைக்குக் கோடை வாய்க்கால் வெட்ட வீட்டுக்கு ஓர் ஆள் போக வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. மதகைத் திறந்து மூடவும், இரவில் கரையைச் சுற்றி வரவும் நீர்க்கட்டி இருந்தார். அந்தப் பழைய ஏற்பாட்டை நான் புகழ்ந்து பாட வரவில்லை. ஊரின் நீரைக் காத்தவர் பல இடங்களில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். அவருக்கு அந்த ஏரிப் பாசனத்தில் ஒரு காணி நிலம்கூட இருந்திருக்காது. அவர் அறிவை ஊர் வாங்கிக்கொண்டது, மரியாதையைக் கொடுக்கவில்லை. அவர் பிள்ளைகள் அந்த வேலையை விட்டு வெளியேறியது நியாயம். ஆனால் அந்த இடத்தில் சம்பளமும் மரியாதையும் உள்ள இன்னொருவரை நாம் வைத்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டுவிட்டோம்.

ஒரு துளி கடக்கும் ஐந்து அலுவலகங்கள்

வெள்ளம் வடிந்த வாரத்தில் ஏரிக் கோடியிலிருந்து கீழ்நோக்கி நடந்து பார்த்தேன். கோடியை ஒட்டிய இடத்தில் கால்வாய் இரண்டு மாட்டுவண்டி ஒதுங்கும் அகலத்துக்கு இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் ஒரு பக்கம் கட்டட இடிபாட்டைக் கொட்டிச் சரித்திருக்கிறார்கள். அதற்கப்புறம் ஆகாயத்தாமரை, தண்ணீர் கண்ணில் படவில்லை. சாலையைக் கடக்கும் இடத்தில் கால்வாய் ஒரு சிமென்ட் குழாய்க்குள் நுழைகிறது. குழாயின் வாயில் பாயும் தலையணையும் வாழைமட்டையும் தெர்மாகோலும் அடைத்துக் கிடந்தன. குழாயின் மறுபக்கம் இறங்கி, இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே நின்று கைகளை விரித்தேன். இரண்டு உள்ளங்கையும் சுவரில் பட்டன. ஏரியின் வழி அவ்வளவுதான்.

இதை யாரிடம் சொல்வது? மலை, வனத்துறை கையில். ஏரி, நீர்வளத்துறையிடமோ உள்ளாட்சியிடமோ இருக்கும். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் ஒருவர், குறைந்தால் இன்னொருவர் என்பது கணக்கு. ஓடைப் புறம்போக்கு நிலம் வருவாய்த்துறை ஏட்டில். சாலைக்கு அடியில் போகும் குழாய் நெடுஞ்சாலைத் துறையுடையது. தெருச் சாக்கடை மாநகராட்சிக்கு. மலையில் விழுந்த ஒரு துளி துரிஞ்சலாற்றைப் பார்ப்பதற்குள் ஐந்து அலுவலகங்களின் எல்லையைக் கடக்கிறது. ஒவ்வொருவரும் அவரவர் பகுதியை ஒழுங்காகவே செய்தாலும் தண்ணீர் நிற்கும். ஏரியை ஆழப்படுத்த ஒருவர் பணம் ஒதுக்குகிறார். அதிலிருந்து வெளியேறும் கால்வாய் அவர் திட்டத்தில் இல்லை. சாலையை அகலப்படுத்த இன்னொருவர் வருகிறார். மேலே கால்வாய் எவ்வளவு அகலம் என்று அவர் மதிப்பீட்டில் ஒரு வரி இல்லை.

சாலை என்றதும் இன்னொன்று. எங்கள் தெருவில் பழைய வீடுகளுக்கு ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போக வேண்டியிருந்தது. இன்று ஒரு படி இறங்கிப் போகிறோம். வீடு கீழே போகவில்லை, சாலைதான் ஒவ்வொரு முறையும் பழைய தார்மேலேயே புதுத் தார் போட்டு உயர்ந்துகொண்டே வந்தது. பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் எழுத்துப்பூர்வமாக அறிவுறுத்தினார். ஒழுங்காக நிறைவேற்றினால் ஆயிரக்கணக்கான வீடுகளைக் காப்பாற்றும் ஆணை அது. சாலை போடும் நாளில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்று கேட்க ஒருவராவது வேண்டும்.

ஊராட்சி போய் மாநகராட்சி வந்தபோது

1989-ல் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலுக்கு வந்தது. அலுவலகம் வந்தால் ஊழியர்கள் வருவார்கள்; ஊழியர்கள் வந்தால் மனைப்பிரிவுகள் வரும். கிரிவலத்துக்கு வரும் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருக, நகரத்தில் இடம் கிடைக்காதவர்களும் வேலூர் சாலைப் பக்கமே வந்தார்கள். நெல் விளைந்த நிலம் கல் நட்ட மனையானது. நிலத்துக்குப் போன வாய்க்காலுக்கு வேலை இல்லாமல் போனது. வேலை இல்லாத வாய்க்காலை யாரும் வாய்க்காலாகப் பார்ப்பதில்லை. பாசனம் முடிந்த பிறகும் அதற்கு வடிகால் என்ற வேலை இருந்ததை நாம் மறந்துவிட்டோம்.

2024-ல் திருவண்ணாமலை மாநகராட்சியானது. வேங்கிக்காலும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் அதில் சேர்ந்தன. குடிநீரும் தெருவிளக்கும் மேம்படும் என்ற நம்பிக்கையில் நானும் அதை வரவேற்றேன். ஆனால் ஊராட்சி போகும்போது அதோடு சேர்ந்து இரண்டு விஷயங்கள் போகின்றன. ஒன்று, நூறு நாள் வேலை என்று அறியப்பட்ட ஊரக வேலை உறுதித் திட்டம். குறை சொல்வோர் என்ன சொன்னாலும், ஒவ்வொரு கோடையிலும் வரத்துக் கால்வாய்களில் முள்ளை வெட்டியதும் மண் அள்ளியதும் அந்த வேலைக்கு வந்த பெண்கள்தாம். மாநகராட்சி எல்லைக்குள் ஊரக வேலைச் சட்டம் வராது. இன்னொன்று கிராம சபை. மார்ச் 22, உலக நீர் நாளன்று கிராம சபை கூட வேண்டும் என்று தமிழ்நாடு அரசே விதித்திருக்கிறது. ஊர் கூடி ஏரியைப் பற்றிப் பேசச் சட்டம் கொடுத்த நாள் அது. நகரத்துக்கு அதற்கு ஈடாக வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. அவை எங்கே, எப்போது கூடுகின்றன என்று எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள். கூட்டுவது அதிகாரிகள் கடமை என்றால், போய் உட்கார்ந்து கேட்பது நம் கடமை.

இங்கே வெள்ளம், அங்கே தாகம்

வேதனையான இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். துரிஞ்சலாற்றில் கீரனூர் அணைக்கட்டிலிருந்து ஒரு கால்வாய் பிரிகிறது. நந்தன் கால்வாய் என்று பெயர். அங்கிருந்து கிழக்கே விழுப்புரம் மாவட்டத்தில் பனமலை ஏரி வரை போய், வழியில் 36 ஏரிகளை நிரப்ப வேண்டிய கால்வாய் அது. தங்கள் கால்வாயில் தண்ணீர் வரவில்லை என்று அந்தப் பகுதி விவசாயிகள் பல பத்தாண்டுகளாக மனு கொடுக்கிறார்கள், போராடுகிறார்கள். சாத்தனூரிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கையும் அதனால்தான் எழுந்தது.

ஆக, எங்கள் மலையைச் சுற்றிய ஏரிகளின் மிகுநீர் தடையில்லாமல் துரிஞ்சலாற்றுக்குப் போனால் அது கீழே இருப்பவர்களின் நெல். போகாவிட்டால் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் சேறு. ஒரே தண்ணீர்தான். வறண்ட ஆண்டில் தென்பெண்ணைத் தண்ணீருக்காகக் கர்நாடகத்துடன் உச்ச நீதிமன்றம் வரை போகிறோம்; மார்க்கண்டேய நதியில் யார்கோள் அணை கட்டியதைக் கேள்வி கேட்கிறோம். அதில் நியாயம் உண்டு. அதே நியாயத்தோடு, நம் எல்லைக்குள் நம் மலையில் விழும் மழையை நம் ஏரிச் சங்கிலியில் கோர்க்க வேண்டாமா? தென்பெண்ணைக்கு வெள்ளக் காலத்தில் ஒரே நேரத்தில் ஓடிப்போகும் நீரில் ஒரு பங்கை இந்த ஏரிகள் பிடித்து வைத்தால், கடலூர் வரை கரையோர ஊர்களுக்கும் அந்த அளவுக்குச் சுமை குறையும். வேங்கிக்கால் போன்ற சிறு ஏரி ஒன்றினால் தென்பெண்ணை வெள்ளம் நிற்காது. நூற்றுக்கணக்கான ஏரிகள் சேர்ந்தால் அது கணிசமான அளவு.

கனஅடி யாருக்குப் புரியும்?

சாத்தனூர் அணை திறப்பு பெரிய அரசியல் விவாதமானது. முன்னறிவிப்பு இல்லை என்றன எதிர்க்கட்சிகள். படிப்படியாக எச்சரிக்கை விடுத்தோம், படிப்படியாகவே திறந்தோம் என்றது அரசு. அந்த விவாதத்தில் தீர்ப்புச் சொல்வது என் நோக்கம் அல்ல. எச்சரிக்கை முறையாகவே வந்தது என்று வைத்துக்கொள்வோம். “விநாடிக்கு இத்தனை ஆயிரம் கனஅடி திறக்கப்படுகிறது, கரையோர மக்கள் பாதுகாப்பாக இருக்கவும்” என்று நள்ளிரவில் ஒரு குறுஞ்செய்தி. திருக்கோவிலூருக்குக் கீழே ஒரு கரையோரக் கிராமத்தில் மாட்டை அவிழ்ப்பதா, அம்மாவைத் தூக்கிக்கொண்டு போவதா என்று நிற்கும் ஒருவருக்கு அந்த எண் என்ன சொல்லும்? தன் வாசலில் எத்தனை அடி, எத்தனை மணிக்கு என்பதுதான் அவருக்கு வேண்டிய செய்தி.

இதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். 2024 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று ஊரில் எல்லோருக்கும் இன்னும் நினைவிருக்கிறது. சுவரில் சேற்றுக் கோடும் சில இடங்களில் அழியாமல் இருக்கிறது. அந்தக் கோட்டைக் கோயில் மதிலிலும் பள்ளிக்கூடச் சுவரிலும் மின்கம்பத்திலும் பெயின்டில் வரைய வேண்டும். பக்கத்திலேயே அன்று ஆற்றில் போன நீரின் அளவையும் எழுத வேண்டும். அடுத்த முறை “பாதிக் கோடு வரை வரும்” என்று ஒலிபெருக்கியில் சொன்னால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். வேங்கிக்காலிலும் அப்படித்தான்: ஏரிக் கோடிக் கல்லில் ஓர் அளவுகோல், தெருமுனையில் ஒரு கோடு.

யாரை அகற்றுவது?

ஆக்கிரமிப்பு என்ற சொல் வந்ததும் குரல்கள் உயரும். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டம் பெரும்பாலும் எங்கே பாய்கிறது என்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஓலைக் குடிசைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் ஜேசிபி சீக்கிரம் வந்துவிடும். காம்பவுண்டுச் சுவர் கட்டிய இடத்துக்கு நோட்டீஸ் மட்டும் போகும்.

எங்கள் தெருவில் கடன் வாங்கி மனை வாங்கியவர்களில் ஒருவர்கூட ஓடையை ஆக்கிரமிக்க வேண்டும் என்று திட்டம் போட்டு வந்தவர் அல்ல. மனைப்பிரிவு போட்டவர் வெள்ளைக் கல் நட்டுக் காட்டினார், பத்திரம் பதிவானது, மின் இணைப்பு வந்தது, வீட்டு வரி வாங்கினார்கள். இத்தனை முத்திரைகளுக்கும் பின்னால் கிராமப் புலப்படத்தில் இரட்டைக் கோடாக ஓர் ஓடை வரையப்பட்டிருந்ததை மனை வாங்கியவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. மலைச்சரிவில் வீடு கட்டிய குடும்பங்களின் கதையும் வேறல்ல. கோயில் நகரத்தில் மனை விலை ஏறியபோது, பூ கட்டுபவருக்கும் ஆட்டோ ஓட்டுபவருக்கும் கடைச் சிப்பந்திக்கும் எட்டிய விலை அந்தச் சரிவில்தான் இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது கண்டி, நுவரெலியா, பதுளை பகுதிகளில் மலை சரிந்து மாண்டவர்களிலும் சரிவில் குடியிருந்த எளிய மக்கள் பலர். ஏழைக்குக் கிடைக்கும் நிலம் எல்லா நாட்டிலும் தண்ணீரின் வழியிலோ மண் சரியும் இடத்திலோதான் இருக்கிறது.

சரிவில் இருப்பவர்கள் அங்கேயே இருக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. இருந்தால் என்ன ஆகும் என்று வ.உ.சி. நகரில் பார்த்துவிட்டோம். மாற்று வீட்டைக் கட்டி முடித்து, சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் பழைய வீட்டைத் தொட வேண்டும். அந்த வீடு இதே நகரத்தில், பிள்ளைகளின் பள்ளிக்கும் அவர்கள் பிழைப்புக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இதற்கு முன்னுதாரணம் உண்டு. நெதர்லாந்தில் 1995-ல் வெள்ளத்துக்கு அஞ்சி இரண்டரை லட்சம் பேரை வெளியேற்றினார்கள். கரையை இன்னும் உயர்த்திக்கொண்டே போவதில் பயனில்லை என்று உணர்ந்து, ஆற்றுக்கு இடம் விடுவது என்று முடிவெடுத்து, 30-க்கும் மேற்பட்ட இடங்களில் ஆற்றை அகலப்படுத்தினார்கள். நைமேகன் நகரில் கரையையே 350 மீட்டர் உள்ளே தள்ளினார்கள். சுமார் ஐம்பது வீடுகள் போயின. அந்தக் குடும்பங்களோடு வருடக்கணக்கில் பேசித்தான் அதைச் செய்தார்கள். பணக்கார நாடு, செய்ய முடியும் என்று சிலர் சொல்வார்கள். பேசுவதற்குப் பணம் தேவையில்லை.

ஐப்பசிக்கு முன்

நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. மலை உச்சியிலிருந்து துரிஞ்சலாறு வரை நீர் போகும் வழி முழுவதையும் ஒரே வரைபடத்தில், சர்வே எண்ணோடு, தமிழில் வரைந்து வார்டு அலுவலகச் சுவரில் மாட்டுங்கள். மனை வாங்குபவர் பத்திரம் எழுதும் முன் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுப் போகட்டும். அந்த வழி முழுவதற்கும் பொறுப்பு என்று ஓர் அதிகாரியை ஆட்சியர் நியமிக்கட்டும். ஐந்து துறைகளும் அவருக்குப் பதில் சொல்லட்டும். கால்வாயின் இரு கரையிலும் எல்லைக் கல் நடுங்கள். சாலைக்கு அடியில் இருக்கும் ஒவ்வொரு குழாயும் மேலே வரும் கால்வாயின் அகலத்துக்கு ஈடாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத இடத்தில் குழாயை எடுத்துவிட்டுச் சிறு பாலம் கட்டுங்கள். கோடையில் கால்வாய் வெட்ட, போன நூறு நாள் வேலைக்கு ஈடாக நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தை இங்கே கொண்டுவாருங்கள். சரிவில் இருப்பவர்களுக்கு வீடு கட்டத் தொடங்குங்கள். இவற்றில் முதல் மூன்றுக்கும் ஒரு பருவம் போதும்.

நமக்கும் வேலை இருக்கிறது. அந்தக் குழாயில் அடைத்திருந்த தலையணையை எந்தத் துறையும் போடவில்லை.

டார்ச் அடித்துக் காட்டிய பெரியவருக்கு இப்போது நடை தளர்ந்துவிட்டது. ஓடை எங்கே திரும்பும், எங்கே இன்னொன்றோடு சேரும், எந்தப் புளியமரத்தடியில் ஆழம் என்பது இன்று எங்கள் தெருவில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். போன மாதம் அவரை ஆட்டோவில் உட்காரவைத்து, தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரோடு ஏரிக் கோடியிலிருந்து கிளம்பினோம். அவர் கை காட்டிய இடத்திலெல்லாம் இறங்கினோம். கடைக்குப் பின்னால், கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடத்தில், கரும்புத் தோட்டத்து ஓரத்தில். பிள்ளைகள் நோட்டில் வரைந்துகொண்டு வந்தார்கள். நாலு இடத்தில் வழி தெரியாமல் திரும்பி வந்தோம். மாலையில் துரிஞ்சலாற்று மணலில் அவர் காலை நனைத்துக்கொண்டு, “தண்ணி இங்கதான் வரணும்” என்றார். எட்டாம் வகுப்புப் படிக்கும் எதிர்வீட்டுப் பெண் அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். அவள் அம்மாதான் அன்றிரவு மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டவர்.